கூண்டுப் பறவையும் குணமறி மருத்துவரும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையின் அருகே, வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் இரும்பை. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகாளம் இங்குள்ளது. கடுவெளிச் சித்தரைப் பற்றிய செவிவழிக் கதைகளும் இவ்வூரைச் சுற்றியே வழங்குகின்றன. இலக்கிய மாணவர் இவ்வாறு அறிந்த இரும்பையைப் பறவைகளின் வட்டாரம் என்றும் கூறலாம். ஊருக்கு ஓர் ஏரி உண்டு. வடக்கே கழுவெளி நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் இந்நீர்நிலையைத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு பறவைகள் காப்பகமாக அறிவித்தது.

வானத்துப் பறவைகளுக்கு அரசு காப்பகம் அமைத்துள்ளது. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் பறவைக்குக் காப்பு யார்? அதனை வளர்ப்பவரும், அவர் தேர்ந்துகொள்ளும் மருத்துவருமே. இரும்பை, வானூர், திண்டிவனம், விழுப்புரம் என எவ்வூரை எடுத்துக்கொண்டாலும், மொட்டை மாடியில் புறாக்கூடும், முன்றிலில் குருவிக் கூண்டும் உள்ள வீடுகளைக் காண்கிறோம். நம் மாணவர் பலர் பறவை வளர்ப்போரே. ஆயினும் பறவை நோயுற்றால் யாரிடம் கொண்டுசெல்வது என்னும் வினாவுக்கு நம்மில் பெரும்பாலோரிடம் விடையில்லை. அவ்விடையை ஒழுங்குபடக் கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் காட்டும் உண்மை

விலங்குகளுக்கு மருத்துவம் செய்பவரைக் ‘கால்நடை மருத்துவர்’ என்கிறோம். காலால் நடப்பது கால்நடை. ஆடும் மாடும் எருமையும் அச்சொல்லுள் அடங்கும். சிறகால் பறப்பது எவ்வாறு அடங்கும்? இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நம் நாட்டில் விலங்கு மருத்துவம் உழவரின் மாட்டைக் காக்கவே பெரிதும் வளர்ந்தது. ‘மாட்டு வாகடம்’ என்னும் பெயரில் நம் முன்னோர் எழுதிவைத்த நூல்களும் அதற்குச் சான்று. சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இன்று எல்லா உயிரினங்களையும் பற்றிக் கற்பிக்கின்றன. எனினும் ஊர்ப்புறத்து மருத்துவர் ஒருவரின் அன்றாடப் பணி கறவை மாடுகளிடையேதான் கழிகிறது. அவருடைய அறிவில் குறையில்லை. சிறு பறவைகளைத் தொட்டுப் பழகும் வாய்ப்புத்தான் அவருக்குக் குறைவு.

‘கோழி மருத்துவம் அறிந்தவர் கிளிக்கும் பார்க்கலாமே’ என்பாரும் உளர். நாமக்கல் கோழிப் பண்ணைகளால் புகழ்பெற்ற நம் மாநிலத்தில் இவ்வினா எழுவது இயல்பு. கோழிப் பண்ணை மருத்துவம் மந்தை மருத்துவம் ஆகும். பல்லாயிரம் கோழிகளுள் சிலவற்றை அறுத்துப் பார்த்து நோயை அறிந்து, எஞ்சியவற்றுக்கு நீரிலோ தீவனத்திலோ மருந்து கலந்து கொடுப்பர். வீட்டுப் பறவையோ தனி உயிர். அதனை அறுத்துப் பார்த்து அறிவதற்கு இடமில்லை. நோயுற்ற பறவை நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வதால், நீரில் கலந்த மருந்து தக்க அளவில் உள்ளே செல்வதும் ஐயமே. எனவே கோழி மருத்துவ அறிவு உதவும். அது மட்டும் போதாது.

பெயரால் வரும் குழப்பம்

மருத்துவரிடம் செல்லுமுன் நாம் வளர்ப்பது எப்பறவை என்பதை நாமே அறிந்திருத்தல் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ‘லவ்பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகள். 1840ஆம் ஆண்டு ஜான் கூல்டு என்னும் பறவையியலார் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து உலகெங்கும் பரவின. உண்மையான லவ்பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவுக்கு உரியவை. கொண்டை உடைய காக்டீல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. ஜாவா குருவி இந்தோனேசியாவைச் சேர்ந்தது. ஒரு பறவைக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகலாம் என்பதால் இப்பெயர்க் குழப்பம் சிறிதன்று. குடற்புழுவுக்குக் கால்நடைகளுக்குத் தரப்படும் பென்பெண்டசோல் என்னும் மருந்து புறாக்களின் எலும்பு மச்சையைத் தாக்கி உயிரிழப்பையும் விளைவிக்கக் கூடியது. மாடுகளுக்கு ஊசி வழியே செலுத்தப்படும் புரோகெய்ன் பென்சிலின் சிறு குருவிகளுக்கும் சிறுகிளிகளுக்கும் ஆகாதது.

பறவையின் உடல் தனி உடல்

பறவைக்கு மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதாலேயே காற்று உட்சென்று வெளிவருகிறது. நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் பெரும்பாலான பறவைகளில் ஒன்பது உண்டு. ஆகவே பறவையின் மார்பைக் கையால் இறுகப் பற்றினால் மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அது மூச்சடைத்து இறக்கும். பழகாத கைகளில் பறவை துவண்டு வீழ்வதைக் கண்டு ‘அச்சத்தால் இறந்தது’ என்போம். அச்சமும் ஒரு காரணமாகலாம். பிடித்த பிடியும் காரணமாகலாம்.

பட்ஜெரிகரின் எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம். காக்டீல் 80 முதல் 100 கிராம். பறவையின் உடலில் உள்ள குருதி அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. எனவே 35 கிராம் பறவையின் முழுக் குருதியும் மூன்றரை மில்லி மட்டுமே. ஆய்வுக்காக எடுக்கத்தக்கது அதில் பத்தில் ஒரு பங்கு, அஃதாவது ஏழெட்டுத் துளி. நகம் வெட்டும்போது நரம்பு அறுபட்டுச் சில துளிகள் ஒழுகுவதை நாம் பொருட்படுத்துவதில்லை. அப்பறவைக்கோ அது பேரிழப்பு.

மற்றோர் இயல்பும் உண்டு. நோயை மறைப்பது பறவையின் குணம். கூட்டத்தில் நலிந்ததாகத் தோன்றும் பறவையையே வல்லூறு முதலில் பற்றும். ஆதலால் இயன்றவரை நலமுற்றதுபோலவே அது நடிக்கிறது. இறகுகளைப் புசுபுசுவென்று உப்ப வைத்துக்கொண்டு, கண்களை மூடி, கூண்டின் தரையில் அமர்ந்துவிட்டதெனில் நோய் முற்றிவிட்டது என்று பொருள். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் அசைதல், வாய் திறந்து மூச்சுவிடல், குரல் மாறல், எச்சத்தின் நிறமும் நீர்மையும் வேறுபடல் ஆகியவை உடனடியாகக் கவனிக்க வேண்டிய குறிகள். ‘நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று இறந்துவிட்டது’ என்று பறவை வளர்ப்போர் பலரும் கூறக் கேட்டிருக்கிறோம். நேற்று அது நன்றாக இருக்கவில்லை. நாம் அறியவில்லை என்பதே உண்மை.

மாத்திரையின் கணக்கு

வீட்டில் பறவை சோர்ந்திருந்தால் மனிதருக்குரிய மாத்திரையில் கால் பங்கைப் பொடித்து நீரில் கலந்து புகட்டும் வழக்கம் நம்மிடையே உள்ளது. இதன் கணக்கை எண்ணிப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள மனிதருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எனில், ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் ஆகிறது. அதே விகிதத்தில் 35 கிராம் பறவைக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கால் மாத்திரை என்பது 125 மில்லிகிராம்; அஃதாவது 350 மடங்குக்கு மேல்! இவ்விகிதமும் முடிந்த முடிபன்று. பறவையின் உடலில் உயிர்ச்செயல்கள் விரைந்து நடப்பதால் சில மருந்துகள் எடைக்கு எடை கூடுதலாகவும் வேண்டும். சில, சிறு அளவிலும் கூடா. இதனைக் கற்றவரே கணிக்க இயலும். மேலும் பறவையின் மூச்சுக்குழல் வாய் நாவின் அடியிலேயே அமைந்துள்ளது. வாயில் ஊற்றும் நீர் தீனிப்பைக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் சென்றால் மருந்தே எமனாகும்.

மருந்து ஒன்றே ஆயினும் உடல் வேறு என்பதற்கு உலகறிந்த சான்று நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள். 1990களில் அவை கூட்டங்கூட்டமாக மறைந்தன. வெண்முதுகுக் கழுகினம் 1992க்கும் 2007க்கும் இடையே 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. காரணம் 2004ஆம் ஆண்டு வெளிப்பட்டது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்திற்கும் தரப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, அம்மாடுகள் இறந்தபின் இறைச்சி வழியே கழுகுகளின் உடலில் சேர்ந்து சிறுநீரகத்தை அழித்தது. மாட்டுக்கு நலம் செய்த மருந்து கழுகுக்குக் கூற்றாயிற்று. இந்திய அரசு 2006இல் அதனைக் கால்நடை மருத்துவத்தில் தடை செய்தது. 2023இல் கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் ஆகியவற்றையும் தடை செய்தது. மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்து கழுகுகளுக்குத் தீங்கற்றது என ஆய்ந்தறியப்பட்டது. வானளாவப் பறக்கும் கழுகுக்கே இந்நிலை எனில், கையளவுக் குருவியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

முதற்றகுதி பதிவு

மருத்துவர் என்று பெயர் சூட்டிக்கொண்டோர் எல்லாரும் மருத்துவர் ஆகார். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்னும் பட்டம் பெற்று, மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொண்டவரே மருத்துவத் தொழில் புரியலாம். பதிவு எண்ணைக் கேட்டறிவது மரியாதைக் குறைவு அன்று, நம் உரிமை. கால்நடை ஆய்வாளர் முதலியோர் மருத்துவரின் மேற்பார்வையில் சிறு உதவிகளைச் செய்ய வல்லவர். நோயறிந்து மருந்தெழுதுவது அவர்தம் பணி அன்று. பறவை விற்கும் கடைக்காரரின் பட்டறிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் கையில் தரும் வண்ண வண்ணத் தூள் எதுவென்று அவரே அறியாதபோது நாம் எங்ஙனம் நம்புவது?

பட்டத்திற்கு மேல் பழக்கமும் வேண்டும். அமெரிக்காவில் பறவை மருத்துவர் சங்கம் 1980இல் தோன்றியது. வளைகுடா நாடுகளில் வல்லூறு வளர்ப்பு தொன்றுதொட்டு வருவது. அரபு மொழியில் வல்லூறுகளின் நோயையும் மருந்தையும் கூறும் நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தன. அம்மரபின் தொடர்ச்சியாக அபுதாபியில் வல்லூறுகளுக்கென்றே ஒரு மருத்துவமனை 1999இல் திறக்கப்பட்டது. நம் பகுதியிலிருந்து பொருள் ஈட்டச் சென்ற சகோதரர் சிலர் அதனை நேரில் கண்டிருக்கவும் கூடும். பறவைக்கெனத் தனி மருத்துவம் உண்டு என்பதற்கு அம்மருத்துவமனையே விடை.

கேட்க வேண்டியன, காண வேண்டியன

ஒருவர் பறவை மருத்துவத்தில் தேர்ந்தவரா என்பதைச் சில வினாக்களாலும் சில குறிகளாலும் அறியலாம்.

முதலாவது, ‘வாரத்திற்கு எத்தனை பறவைகளைப் பார்க்கிறீர்கள்? எங்கள் வீட்டில் இருப்பது போன்ற பறவையைப் பார்த்ததுண்டா?’ என்று பணிவுடன் கேட்கலாம். தேர்ந்த மருத்துவர் இவ்வினாவுக்குச் சினங்கொள்ளார்.

இரண்டாவது, பறவையைக் கையில் எடுக்குமுன் அவர் சற்று நேரம் கூண்டில் வைத்தே நோக்குகிறாரா என்று காண்க. மூச்சின் நடை, அமரும் நிலை, இறகின் நிலை ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே அறிவது பறவை மருத்துவத்தின் முதற்படி.

மூன்றாவது, கிராம் கணக்கில் எடை பார்க்கும் தராசு அவரிடம் உள்ளதா? எடை பாராமல் மருந்தளவைக் கூறுபவர் கண்ணை மூடிக்கொண்டு அம்பெய்பவர் ஆவார். 35 கிராம் பறவை மூன்றரை கிராம் இழந்தாலே அது பத்தில் ஒரு பங்கு இழப்பு. கண்ணுக்குத் தெரியாத இவ்விழப்பைத் தராசே காட்டும்.

நான்காவது, அவர் பறவையைப் பிடிக்கும் முறை. மெல்லிய துணியால் பற்றி, தலையை விரல்களுக்கிடையே நிறுத்தி, மார்பு தடையின்றி அசைய விடுதல் நற்பழக்கம்.

ஐந்தாவது, அவர் கேட்கும் வினாக்கள். ‘என்ன தீனி? எவ்வகைக் கூண்டு? எங்கே வைத்திருக்கிறீர்கள்? புதிய பறவை ஏதும் சேர்ந்ததா? வீட்டில் புகை உண்டா?’ என்று துருவிக் கேட்பவரே நல்லவர். வீட்டுப் பறவையின் நோய்களுள் பெரும்பகுதி தீனியிலும் சூழலிலும் தொடங்குகிறது. தினையை மட்டுமே உண்டு வாழும் சிறுகிளிக்கு உயிர்ச்சத்து ஏ குறைகிறது, சுண்ணச்சத்தும் குறைகிறது. சுண்ணச்சத்துக் குறைந்த பெண்பறவைக்கு முட்டை வெளிவராமல் தங்கிவிடும். சில மணி நேரத்தில் அது உயிர்க்கேடாகும். துத்தநாகம் பூசிய மலிவான கம்பியைக் கொறிப்பதால் நஞ்சேறலாம். ஒட்டாத பூச்சுடைய வாணலி அளவுமீறிச் சூடேறும்போது எழும் ஆவி சமையலறைக்கு அருகிலுள்ள பறவையைச் சில நிமிடங்களில் கொல்லக் கூடியது. கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் அதன் மூச்சுக்கு இடையூறே. இவற்றையெல்லாம் கேளாமல் ஊசியை எடுப்பவர் நோயின் வேரை விட்டு இலையைக் கிள்ளுபவர்.

ஆறாவது, ஆய்வு வசதி. எச்சத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் ஏற்பாடேனும் வேண்டும். அறுவை தேவைப்படின் ஐசோபுளூரேன் போன்ற மூச்சுவழி மயக்க மருந்து பறவைகளுக்கு ஏற்றது. அது அவரிடம் உண்டா என்று கேட்கலாம்.

ஏழாவது, நம் கருத்தில் தலையாயது: ‘இது எனக்குப் பழக்கமில்லை, இன்னாரிடம் கொண்டுசெல்லுங்கள்’ என்று கூறும் நேர்மை. அவ்வாறு கூறுபவரை நாம் தாழ்வாக எண்ணுதல் பிழை. தன் எல்லையை அறிந்தவரிடமே ஓர் உயிரை நம்பி ஒப்படைக்கலாம்.

நம் வட்டாரத்தில் என் செய்வது?

இரும்பை போன்ற சிற்றூரில் பறவைக்கெனத் தனி மருத்துவரை எதிர்பார்க்க இயலாது. ஆயினும் வழியில்லாமல் இல்லை. அண்மையிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகம் முதற்படி. அங்குள்ள மருத்துவர் முதலுதவி செய்து வழிகாட்ட வல்லவர். 1962 என்னும் தொலைபேசி எண்ணில் இயங்கும் நடமாடும் ஊர்தி பெரும்பாலும் ஆடுமாடுகளுக்கு உரியது. எனினும் ஆலோசனை கேட்பதில் தவறில்லை. அடுத்த படி புதுச்சேரி. குரும்பாப்பேட்டில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்று இராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது. கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் பல துறை வல்லுநரும் ஆய்வுக்கூடமும் ஒருங்கே இருத்தல் பெரும் பயன். இரும்பைக்கு அது தொலைவன்று. அதற்கும் மேற்பட்ட நிலையில் சென்னை வேப்பேரிக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு.

நோய் வந்தபின் மருத்துவரைத் தேடுவது, வீடு பற்றியபின் கிணறு தோண்டுவதை ஒக்கும். பறவையை வாங்கிய முதல் வாரத்திலேயே ஒருமுறை காட்டிவிடுதல் நலம். நலமாக உள்ளபோது குறித்துவைத்த எடையே நோயுற்றபோது அளவுகோலாகும். புதிய பறவையை ஒரு திங்களேனும் பழைய பறவைகளோடு சேர்க்காமல் தனியே வைத்தல் வேண்டும்.

கொண்டுசெல்லும் முறையும் அறியத்தக்கது. சிறு கூண்டிலோ காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ வைத்து, மேலே துணி போர்த்துக. ஊஞ்சலையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் அகற்றிவிடுக; பேருந்தின் குலுக்கலில் அவை இடராகும். கூண்டின் அடியிலுள்ள தாளை மாற்றாமல் எச்சத்துடன் கொண்டுசெல்க. தீனியில் ஒரு கைப்பிடியையும், முன்னர்க் கொடுத்த மருந்தின் உறையையும் எடுத்துச் செல்க. பறவை குளிரில் நடுங்காமலும் உச்சிவெயிலில் வாடாமலும் பார்த்துக்கொள்க.

சட்டமும் தயக்கமும்

மருத்துவரிடம் செல்லத் தயங்குவோர் சிலரின் தயக்கத்திற்குக் காரணம் சட்டம். நம் மரங்களில் வாழும் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படிக் குற்றம். 2022ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. மைனாவும் தினைக்குருவியும்கூட வளர்க்கத் தகாதனவே. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகக் கிளியைக் கையில் ஏந்தி வந்த தமிழர்க்கு இது வியப்பைத் தரலாம். ஆயின் பொந்தினின்று குஞ்சுகளைக் களவாடும் தொழில் வளர்ந்ததை எண்ணினால் இதன் தேவை புலனாகும். அத்தகைய பறவை வீட்டில் இருப்பின் மறைத்து வைத்து நோயில் மாளவிடுவது இரட்டைத் தீங்கு. வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. அடிபட்டு வீழ்ந்த காட்டுப் பறவையைக் கண்டாலும் முதலுதவிக்குப் பின் வனத்துறைக்கு அறிவித்தல் கடமை.

வெளிநாட்டுப் பறவைகளுள் பட்ஜெரிகர், காக்டீல் ஆகியவற்றுக்குத் தடையில்லை. சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி, மக்கா போன்றவை பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும்.

வளர்ப்பவரின் நலமும் உண்டு

நல்ல மருத்துவரைத் தேர்வது பறவைக்கு மட்டுமே நன்மை என்று கருதுதல் கூடாது. கிளியினப் பறவைகளிடமிருந்து மனிதர்க்குத் தொற்றும் நோய் ஒன்று உண்டு. அதனைச் சிட்டகோசிஸ் என்பர். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால் இது பரவும். காய்ச்சல், தலைவலி, வறட்டிருமல் எனத் தொடங்கி நுரையீரல் அழற்சியாக முற்றும். 1929–30ஆம் ஆண்டுகளில் விற்பனைக் கிளிகள் வழியே பல நாடுகளில் பரவி உயிர்களைப் பலிகொண்டது. இன்று டாக்சிசைக்கிளின் என்னும் மருந்தால் குணமாகக் கூடியதே. ஆனால் பறவைக்கு இம்மருந்தை ஏறத்தாழ 45 நாள்கள் இடைவிடாது கொடுத்தல் மரபு. ஐந்து நாள் கொடுத்துவிட்டு, பறவை தெளிந்ததெனக் கருதி நிறுத்துவது ஆபத்து. வீட்டில் பறவை வளர்ப்போர் இருமலுக்கு மருத்துவரிடம் செல்லும்போது ‘வீட்டில் பறவை உண்டு’ என்று மறவாமல் கூறுதல் வேண்டும். முதியோரும் குழந்தைகளும் உள்ள இல்லங்களில் இது மிக இன்றியமையாதது.

உயிரின் விலை

இறுதியாக ஒன்று. ‘சில நூறு ரூபாய்க் குருவிக்கு அதனினும் மிகுந்த செலவில் மருத்துவமா? புதிதாக ஒரு சோடி வாங்கிவிடலாமே’ என்னும் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். கணக்கறிந்தோர் பேச்சு அது. ஆனால் கடையில் கொடுத்த பணம் பறவையைக் கூண்டோடு கைமாற்றியதற்கான விலை; உயிருக்கு நாம் விலை கொடுத்ததில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூஉமைர் என்னும் சிறுவனின் வளர்ப்புக் குருவி இறந்தபோது, அவன் வாட்டங்கண்டு அக்குருவியைப் பற்றிப் பரிவுடன் வினவிய செய்தி நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. பறவை வளர்த்தல் ஆகும் என்பதற்கு இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டும் அறிஞர், அதற்கு உரிய உணவும் பேணுதலும் தருதலை உடன்வைத்தே கூறுவர். பூனை ஒன்றைக் கட்டிவைத்து உணவிடாமல் இறக்கவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த தண்டனையை நம் பள்ளிவாசல் உரைகளில் கேட்டிருக்கிறோம். குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவைக்கு அக்குஞ்சுகளைத் திருப்பித் தரச்சொன்ன நிகழ்ச்சியும் உண்டு. காட்டுப் பறவை தன் உணவைத் தானே தேடும்; நோயுற்றால் இறைவன் விதித்தபடி வாழும் அல்லது மாளும். கூண்டுப் பறவையின் இறக்கையை நாம் கட்டிவிட்டோம். அதன் தீனியும் நீரும் நிழலும் மருந்தும் நம் கையில் உள்ளன. ஆகவே அது நம்மிடம் உள்ள அமானிதம். அமானிதத்தைப் பேணாமை பற்றி நாம் வினவப்படுவோம்.

வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலார் வாழ்ந்த வடலூரும் நமக்கு வெகு தொலைவன்று. முல்லைக்குத் தேரீந்த பாரியைப் பாடம் சொல்லும் நாமும், பாடம் கேட்கும் மாணவரும், நம் வீட்டுக் கூண்டைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களுக்கு நாம் கூறுவது எளியது. பறவை வாங்க எண்ணுவோர் முதலில் மருத்துவர் யார் என்பதை அறிந்துகொண்டு, பின்னர்க் கூண்டை விலைபேசுக. முன்னரே வளர்ப்போர் இவ்வாரமே அதன் எடையைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுக. அருகிலுள்ள மருத்துவரின் பெயரையும் நேரத்தையும் அதன் முதற்பக்கத்தில் குறித்துவைக்க. மருத்துவச் செலவைத் தாங்க இயலாதோர் பறவை வளர்ப்பைத் தவிர்ப்பதும் அறமே. அவர்களுக்குக் கழுவெளியும் இரும்பை ஏரியும் இருக்கவே இருக்கின்றன. காலை வேளையில் கரையில் நின்றால் கூண்டும் செலவும் இன்றிக் கண்குளிரக் காணலாம்.